கட்டுமான ஒப்பந்தமும் நஷ்டப் பொறுப்பும்

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எந்தக் கட்டுமான வேலையை எடுத்துக்கொண்டாலும் அது எவ்வகையிலேனும் நீரோடு தொடர்புடையதாகவே இருக்கக் காண்கிறோம். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, நடுவே முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயரைத் தாங்கிய வீரநாராயணம் ஏரி. வீராணம் என்று மக்கள் வழங்கும் இவ்வேரிக்குக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே தண்ணீர் வருகிறது. ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 45,000 ஏக்கர். இத்துணை நீர்வளம் பெற்ற பகுதியில் வாய்க்கால்களும், மதகுகளும், சிறு பாலங்களும், அவற்றின் குறுக்கே செல்லும் சாலைகளும் ஊருக்கு ஊர் இருப்பதில் வியப்பில்லை. அவற்றைக் கட்டவும் புதுப்பிக்கவும் ஆண்டுதோறும் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. அவ்வொப்பந்தங்களில் கையெழுத்திடுவோரில் எத்தனை பேர், நஷ்டம் நேர்ந்தால் அதை யார் தாங்குவது என்னும் விதிகளை ஊன்றிப் படிக்கிறார்கள் என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்பும் பொருள்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். ஏரிக்குக் கீழேயுள்ள ஒரு கிராமத்தில், வாய்க்காலின் குறுக்கே 20 லட்சம் ரூபாயில் ஒரு சிறு பாலம் கட்ட ஒப்பந்தம் ஆகிறது என்று கொள்வோம். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தப்பட்டிருக்கும் கோடை மாதங்களில் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஏதேதோ காரணங்களால் தாமதமாகி, அக்டோபரில்தான் தளத்துக்குச் சாரம் கட்டிப் பலகை அடிக்கிறார்கள். கம்பி கட்டி முடிந்த மறுநாள் இரவு பெருமழை பெய்கிறது. ஏரியின் உபரி நீர் திறந்துவிடப்படுகிறது. விடிந்து பார்த்தால் முட்டுகளும் பலகையும் கம்பியும் வாய்க்காலோடு போய்விட்டன. பக்கத்து வயலின் வரப்பும் உடைந்து மணல் மூடிவிட்டது. தண்ணீரில் இறங்கி முட்டைப் பிடிக்க முயன்ற ஒரு தொழிலாளியின் கால் முறிந்துவிட்டது. இங்கே மூன்று நஷ்டங்கள் உள்ளன: வேலைக்கு ஏற்பட்டது, அயலாருக்கு ஏற்பட்டது, தொழிலாளிக்கு ஏற்பட்டது. மூன்றுக்கும் விடை வெவ்வேறு.

முதலாவது, வேலைக்கு ஏற்பட்ட நஷ்டம். வேலை முடித்து ஒப்படைக்கப்படும் வரை அதன் பாதுகாப்பு ஒப்பந்தக்காரரைச் சேர்ந்தது என்பதே பொதுவான விதி. இது இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில், கட்டுபவன் உறுதியாகக் கட்டாததால் வீடு இடிந்து பொருள் நாசமானால் அவன் தன் செலவிலேயே மீண்டும் கட்டித்தர வேண்டும் என்றும், வீட்டுக்காரன் இறந்துபோனால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்றும் விதிக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டின் 1804-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் கட்டடத்தைப் பெரிதும் பாதிக்கும் குறைகளுக்குப் பத்து ஆண்டுகள் வரை பொறுப்பு என்றது. 1978-இல் அந்நாடு அப்பொறுப்புக்குக் காப்பீடு செய்வதைக் கட்டாயமாக்கியது. உலகப் பொறியாளர் ஆலோசகர் கூட்டமைப்பு 1957-இல் முதன்முதலாக வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தில், போர் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர மற்ற நஷ்டங்களை ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டும் என்ற முறை அமைந்தது. இன்று நம் நாட்டில் வழங்கும் பல ஒப்பந்தப் பத்திரங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நம் கிராமங்கள் நன்கறிந்த பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது. அதன் மாதிரி ஒப்பந்தத்தில் இடர்கள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டுள்ளன. போர், கலகம் முதலியனவும், வேலை கொடுப்பவர் தந்த வடிவமைப்பு ஒன்றையே காரணமாகக் கொண்ட சேதமும் வேலை கொடுப்பவரைச் சேர்ந்தவை. எஞ்சியவை யாவும் ஒப்பந்தக்காரரைச் சேர்ந்தவை. ஆகவே நமது உதாரணத்தில், வரைபடத்தில் கண் அளவு போதவில்லை என்றோ, அடித்தள ஆழம் தவறு என்றோ நிரூபித்தாலொழிய, பலகையும் கம்பியும் போன நஷ்டம் ஒப்பந்தக்காரருடையது.

“மழை தெய்வச் செயலல்லவா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றினும், கடலூர் மாவட்டத்தில் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே பெய்யும் மழையை எதிர்பாராதது என்று வாதிப்பது எளிதன்று. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததையும், 2015 நவம்பரில் இம்மாவட்டம் பட்ட பாட்டையும் அறியாதார் இலர். வழக்கமான ஒப்பந்தங்களில் இத்தகைய இயற்கைச் சீற்றம் காலநீட்டிப்புக்குக் காரணமாகுமே தவிர, கூடுதல் பணத்துக்குக் காரணமாவது அரிது. தாமதத்துக்கான தண்டத்திலிருந்து தப்பலாம். போன கம்பிக்கு விலை கிடைக்காது. ஒப்பந்தப் பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அது வேறு விஷயம். எழுதியிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் காப்பீடு வருகிறது. பொறுப்பைக் காப்பீடு நீக்குவதில்லை. பொறுப்பால் வரும் பணச்சுமையை மட்டுமே அது வேறொருவர் தோளுக்கு மாற்றுகிறது. இவ்வேறுபாட்டை உணராமையால் பல குழப்பங்கள் விளைகின்றன. சிறு வேலைகளின் பத்திரங்கள் சிலவற்றில் காப்பீட்டைப் பற்றிய விதியே இராது. அதனால் இடர் இல்லை என்று கருதிவிடுகிறார்கள். இடர் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தாங்க ஒப்பந்தக்காரரின் வீடும் நிலமும் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

கிராமச் சாலைத் திட்டத்தின் மாதிரி ஒப்பந்தம் இதில் வழிகாட்டுகிறது. வேலை, அதற்கான பொருள்கள், இயந்திரங்கள், பிறர் சொத்து, ஆட்களுக்கு நேரும் காயமும் மரணமும் ஆகிய அனைத்துக்கும், தொடக்க நாள் முதல் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் வரை, வேலை கொடுப்பவர், ஒப்பந்தக்காரர் ஆகிய இருவர் பெயரிலும் கூட்டாகக் காப்பீடு எடுக்கப்பட வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தக்காரர் எடுக்கத் தவறினால் அலுவலகமே எடுத்துப் பிரீமியத்தைப் பட்டியல் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இரு பெயர் என்பது வெறும் அலங்காரமன்று. ஒருவர் பெயரில் மட்டும் பாலிசி இருந்தால், மற்றவர் நஷ்ட ஈட்டுக்கு நேரே உரிமை கோர இயலாது. அத்துடன், பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அந்த மற்றவர் மீதே வழக்குத் தொடரவும் இடமுண்டு.

வேலைக்கான காப்பீட்டை ஒப்பந்தக்காரர் சகல இடர் பாலிசி என்று கூறுவர். அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. முதற்பிரிவு வேலைக்கும் பொருளுக்கும் ஏற்படும் சேதத்துக்கு உரியது. இரண்டாவது பிரிவு அயலாரின் உடலுக்கும் உடைமைக்கும் ஏற்படும் கேட்டுக்கு உரியது. நம் உதாரணத்தில் மணல் மூடிய வயலுக்கான ஈடு இரண்டாவது பிரிவில் கோரப்பட வேண்டியது. பிரீமியத்தைக் குறைக்க எண்ணி இப்பிரிவை விட்டுவிடுவோர் உளர். கரையோரத்தில், இருபுறமும் நஞ்சை சூழ்ந்த இடத்தில் வேலை செய்பவர் இதை விடுவது சிக்கனம் ஆகாது.

‘சகல இடர்’ என்ற பெயரைக் கண்டு மயங்கலாகாது. தவறான வடிவமைப்பு, தேய்மானம், வேண்டுமென்றே செய்த செயல், தாமதத் தண்டம், போர், அணு விபத்து ஆகியவை இதில் அடங்கா. மட்டமான பொருளையும் மோசமான வேலையையும் திருத்தும் செலவும் அடங்காது. ஒவ்வொரு நஷ்டத்திலும் முதல் பகுதியைக் காப்பீடு செய்தவரே தாங்க வேண்டும். வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு அப்பகுதி மற்றவற்றைக் காட்டிலும் அதிகமாக வைக்கப்படுவது வழக்கம்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதில் ஏமாறுவோரே மிகுதி. வேலையின் முழு மதிப்புக்கும் காப்பீடு செய்ய வேண்டும். அலுவலகம் வழங்கும் சிமெண்டும் குழாயும் அம்மதிப்பில் சேரும். நமது பாலத்தின் ஒப்பந்த மதிப்பு 20 லட்சம்; அலுவலகம் தரும் பொருள் 4 லட்சம்; ஆக முழு மதிப்பு 24 லட்சம். பிரீமியத்தை மிச்சப்படுத்த 12 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தார்கள் என்று கொள்வோம். வெள்ளத்தில் போனது 4 லட்சம். 12 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 4 லட்சமும் கிடைத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பாதி மதிப்புக்கே காப்பீடு செய்திருப்பதால் நஷ்டத்திலும் பாதிக்கே, அதாவது 2 லட்சத்துக்கே, நிறுவனம் பொறுப்பாகும். தாமே தாங்க வேண்டிய பகுதி 50,000 ரூபாய் என்று பாலிசியில் இருந்தால், கையில் வருவது ஒன்றரை லட்சம். மிச்சம் பிடித்த பிரீமியம் எவ்வளவு, இழந்த தொகை எவ்வளவு என்பதை வாசகர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தொழிலாளிக்கு நேர்ந்தது

இப்போது காலொடிந்த தொழிலாளியிடம் வருவோம். மூன்று நஷ்டங்களுள் இதுவே முதலில் கவனிக்கத்தக்கது. ஒப்பந்தங்களில் பெரும்பாலும் கடைசியில் கவனிக்கப்படுவதும் இதுவே. மேற்கூறிய பாலிசியின் இரண்டாவது பிரிவு அயலாருக்கு உரியது. ஒப்பந்தக்காரரின் சொந்த ஆட்கள் அயலார் ஆகார். ஆகவே அவர்களுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேரும் விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. அவர் தவறு செய்தாரா இல்லையா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. தொழிலாளி குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் போன்ற எதிர்வாதங்கள் சிறு காயங்களுக்கு மட்டுமே பொருந்தும். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அவ்வாதங்கள் செல்லா. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. எனினும் இந்த அடிப்படைக் கோட்பாடு மாறவில்லை.

தொகை எவ்வளவு என்பதை அறிந்தால்தான் இதன் கனம் புரியும். பழைய சட்டத்தில் 2020 ஜனவரி 3 முதல் மாதக் கூலியின் உச்ச வரம்பு 15,000 ரூபாயாகக் கணக்கிடப்பட்டது. மரணமாயின் அதில் பாதியை, வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குரிய எண் 184.17. ஆகவே அவ்வயதுடைய கொத்தனார் ஒருவர் இறந்தால் 7,500-ஐ 184.17-ஆல் பெருக்க, 13,81,275 ரூபாய் ஆகிறது. முப்பத்தைந்து வயதாயின் பெருக்கெண் 197.06, தொகை 14,77,950 ரூபாய். 20 லட்சம் ரூபாய் வேலையில் ஒப்பந்தக்காரருக்கு என்ன லாபம் நிற்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு விபத்து, அவருடைய பல ஆண்டு உழைப்பை விழுங்கிவிடும். அல்லது அவரால் கொடுக்க இயலாமற்போய், இறந்தவரின் குடும்பம் வெறுங்கையுடன் நிற்கும். இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் கிராமத்துக்கு நன்மையன்று. ஒரு மாதத்துக்குள் தொகை செலுத்தப்படாவிடில் வட்டியும், தக்க காரணமில்லாத தாமதத்துக்கு அபராதமும் சேரும். வாகனக் காப்பீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல், ஈட்டுத் தொகையும் வட்டியும் காப்பீட்டு நிறுவனத்தைச் சேரும், அபராதம் முதலாளியையே சேரும் என்று தீர்ப்பளித்தது.

மேஸ்திரியிடம் கூலி ஒப்பந்தம் விட்டுவிட்டோம், இனி அவர் பாடு என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது செல்லாத வாதம். தம் தொழிலின் பகுதியான வேலையை இன்னொருவரிடம் விடுபவரும், அந்த இன்னொருவரின் ஆட்களுக்கு ஈடு தரக் கடமைப்பட்டவர் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறியது. கொடுத்த தொகையை மேஸ்திரியிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்ளலாம். வசூலிக்க அவரிடம் ஏதேனும் இருந்தால். அதே சட்டம், உள்ளாட்சி மன்றமும் அரசுத் துறையும் தம் கடமைகளை ஆற்றுவதையே அவற்றின் ‘தொழில்’ என்று கொள்ளவும் வகை செய்திருந்தது. ஆதலின் பஞ்சாயத்தும் ஒன்றியமும், ஒப்பந்தம் விட்டாயிற்று என்று கைகழுவிவிட முடிந்ததில்லை. வேலை உத்தரவு கொடுக்கும் முன் தொழிலாளர் காப்பீட்டுப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குவது ஒன்றியத்தின் தற்காப்பே ஆகும்.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து கூலிக்கு உழைத்தவர்களே அவர்களிற் பெரும்பாலோர். தளத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் நாள்தோறும் எழுதப்படுவது எத்துணை அவசியம் என்பதை இத்தகைய நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. பெயர் இல்லாதவருக்கு ஈடு கோரி நிற்பது அவர் குடும்பத்துக்கு நெடிய போராட்டம். 1994 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிந்துகொள்ள வேண்டும். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரையுள்ளோர் சேரலாம். இவை தொழிலாளிக்குத் துணை; முதலாளியின் கடமைக்கு மாற்று அல்ல.

ஒப்படைத்த பின்னரும் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. தென்பெண்ணையாற்றின் குறுக்கே, விழுப்புரம் மாவட்டத் தளவானூருக்கும் நம் கடலூர் மாவட்ட எனதிரிமங்கலத்துக்கும் இடையே 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட தடுப்பணை 2020-இல் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் பக்கத்துச் சுவர் சரிந்தது. பொறியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் வெள்ளத்தில் அணை மேலும் சிதைந்தது. இத்தகைய நிலையில் மூன்று கேள்விகள் வரிசையாக எழுகின்றன: குறை வடிவமைப்பிலா, வேலையிலா, அல்லது அளவு கடந்த வெள்ளமா? வேலையில் குறை என்றால் ஒப்பந்தக்காரர் தம் செலவில் சீர்செய்ய வேண்டும், காப்பீடு உதவாது. வடிவமைப்பில் என்றால் வடிவமைத்தவரைச் சேரும். வெள்ளம் என்றால், அந்நாளில் பாலிசி உயிருடன் இருந்ததா என்று பார்க்க வேண்டும். விடை காண்பதற்கு ஆதாரம், கட்டும்போது எழுதப்பட்ட அளவுப் புத்தகமும், கான்கிரீட் சோதனைச் சான்றுகளும், தளப் பதிவேடுமேயன்றி, இடிந்த பின் எடுக்கும் வாக்குமூலங்கள் அல்ல.

காப்பீட்டால் ஒருபோதும் ஈடுசெய்ய இயலாத நஷ்டம் ஒன்றும் உண்டு. வேலை பாதியில் நின்றுபோவதே அது. வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுசெல்ல முதலில் வகுத்த திட்டம் 1970-களில் நின்றுபோயிற்று. அதற்காகச் செய்த பெருங்குழாய்கள் நெடுங்காலம் சாலையோரங்களில் கிடந்தன. வீடற்ற ஏழைகள் அவற்றுள் குடியிருந்ததைக் கண்டவர் பலர். நின்றதன் காரணங்களை ஆராய்வது நமது நோக்கமன்று. 2004-இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறி, நாள்தோறும் 180 மில்லியன் லிட்டர் கொண்டுசெல்லும் திறன் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளின் தாகத்துக்கு எந்தப் பாலிசியும் ஈடு தந்திருக்க முடியாது. வேலை நின்றுபோகும் இடருக்குக் காவல், வங்கி உத்தரவாதமும், பிடித்தம் செய்த வைப்புத்தொகையும், செய்த வேலைக்கு மேல் முன்பணம் தராமையுமே ஆகும். வங்கி உத்தரவாதத்துக்கும் முடிவுத் தேதி உண்டு. அத்தேதி கடந்தபின் அது ஒரு காகிதமே.

வீடு கட்டுவோர்

இதுவரை பொது வேலைகளைப் பற்றிக் கூறினோம். கிராமத்தில் வீடு கட்டும் சாதாரணக் குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. 2024-25-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டு, பயனாளிகளே முன்னின்று வீடு கட்டினர். கொத்தனாரையும் சித்தாளையும் தாமே நாட்கூலிக்கு அமர்த்துபவர், விபத்து நேர்ந்தால் தாமே முதலாளி என்று வழக்கில் நிறுத்தப்படலாம். ஆகவே வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, சாரமும் முட்டும் யாருடையவை, ஆட்களுக்குக் காப்பீடு யார் எடுப்பது, பக்கத்துச் சுவருக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நன்று. “என்னய்யா, நமக்குள்ளே எழுத்தா?” என்று மேஸ்திரி முகம் சுளிக்கலாம். எழுத்து இருவரையும் காக்கும் என்று விளக்கினால் இசைவார்.

வாய்ச்சொல்லால் இடும் கூடுதல் வேலையும் இவ்வகையிற் சேர்ந்ததே. எழுத்து உத்தரவின்றிச் செய்த வேலையை அரசு ஏற்றுப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி அதற்குத் தக்க ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கொன்றில் கூறியுள்ளது. ஆனால் அவ்வொப்பந்தக்காரர் உச்ச நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலும், மதிப்பில் சேர்க்கப்படாத கூடுதல் வேலை, பாலிசியின் தொகையிலும் சேர்ந்திராது.

நஷ்டம் நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றை ஒத்திப்போடலாகாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை, மேலும் சேதம் பரவாமல் தடுப்பதற்கு வேண்டியதைத் தவிர வேறெதையும் அகற்றலாகாது. நீர்மட்டத்தின் குறி சுவரில் தெரியும்போதே படம் எடுத்து, தேதியும் நேரமும் குறிக்க வேண்டும். அன்றைய மழையளவையும், ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரின் அளவையும் உரிய அலுவலகங்களில் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். வெள்ளம் வடிந்ததும் அவசர அவசரமாகக் கம்பியை இழுத்துப்போட்டுத் தளத்தைச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு ஈடு கேட்டு நிற்போருக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

பாலிசியின் முடிவுத் தேதியை ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியோடு மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். செப்டம்பர் 30-இல் முடிய வேண்டிய வேலைக்கு டிசம்பர் 31 வரை காலநீட்டிப்பு கிடைக்கிறது; எல்லோரும் மகிழ்கிறார்கள்; பாலிசியோ செப்டம்பர் 30-இலேயே முடிந்துவிடுகிறது. இவ்வட்டாரத்தில் வெள்ள அபாயம் மிகுந்த மூன்று மாதங்களும் காப்பின்றிக் கழிகின்றன. காலநீட்டிப்புக்கு விண்ணப்பம் எழுதும் நாளன்றே பாலிசியை நீட்டிக்கவும் எழுத வேண்டும். நீட்டிப்பு உத்தரவை வழங்கும் அலுவலரும், பாலிசி நீட்டிக்கப்பட்டதற்கான பத்திரத்தின் நகலைக் கோப்பில் சேர்த்த பின்னரே உத்தரவில் கையெழுத்திட வேண்டும்.